பீட் போட்டது ஆர்?

'தயாரிப்பாளர்' எண்டா எங்களுக்குப் படத்துக்குக் காசு போடுற ஆள். ஒரு பாட்டுக்குப் பின்னால இருக்கிற ரெக்கோர்ட் புரொடியூசரைச் சொல்லத் தமிழில இன்னும் ஒரு நல்ல சொல் இல்லை. ஆனா எந்தத் தாளம், எந்த வாத்தியம், பத்துத்தரம் பாடினதில எதை வைச்சிருக்கிறது, குரலை எவ்வளவு முன்னுக்குக் கொண்டுவாறது என்று பாட்டின்ட உருவத்தைத் தீர்மானிக்கிறவர் அவர்தான்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வாறது எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம். 1975இல் லண்டனில பிறந்து, யாழ்ப்பாணத்தில வளர்ந்து, போரால திரும்பவும் லண்டனுக்குப் போனவர். தகப்பன்ட பெயரில 'அருளர்' (2005), தாயின்ட பெயரில 'கலா' (2007) என்று இரண்டு அல்பம். முதலாவது வந்தபோது பல விமர்சகர்கள் அதை அமெரிக்கப் புரொடியூசர் டிப்லோவின்ட வேலையாவே எழுதினார்கள். உண்மையில அந்த அல்பத்தில அவர் கைவைச்சது ஒரேயொரு பாட்டில. ஆரம்பப் பாட்டுகளை மாயா ரோலண்ட் 505 என்ற ஒரு கருவியில தானாகவே தட்டித் தட்டி உருவாக்கினவர். 2007இல் ஒரு பேட்டியில அவர் இதை வெளிப்படையாகவே கேட்டார்: பெண் என்றதால எனக்குச் சொந்த யோசனை இருக்காதா?

அதுக்காகப் புரொடியூசர் தேவையில்லை எண்டு சொல்ல வரேல்லை. 'கலா'வில சுவிட்ச் என்ற புரொடியூசரோட சேர்ந்துதான் பெரும்பாலான பாட்டுகள். அமெரிக்க விசா சிக்கலால அங்க போய் வேலை செய்ய முடியாமல் போக, சென்னைக்கு வந்து உறுமிமேளக்காரரைப் பதிவுசெய்தார். 'பேர்ட் ஃப்ளூ'வில கேட்கிறது அந்த உறுமிதான். முதல் பாட்டில 'தளபதி' படத்து இளையராஜா இசையின் ஒரு துண்டு வருது. டிப்லோ புரொடியூஸ் பண்ணின 'பேப்பர் பிளேன்ஸ்', தி க்ளாஷ் குழுவின்ட 1982ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் துண்டின்மேல கட்டப்பட்டது. 2008இல் அமெரிக்கப் பட்டியலில 4ஆம் இடம்வரை போனது. டிப்லோ இல்லாட்டி அந்தப் பாட்டு இல்லை. ஆனா கோரஸில துப்பாக்கிச் சத்தத்தையும் காசுப்பெட்டிச் சத்தத்தையும் வைச்சுக் குடியேறிகளைப் பற்றின பயத்தைக் கிண்டலடிக்கிற அந்த நாக்கு மாயாவுடையது. இரண்டும் ஒரே நேரத்தில உண்மை. 2015இல் பியோர்க்கும் இதே முறைப்பாட்டைச் சொன்னார்: கூட உழைச்ச ஆணுக்கே முழுப் பெயரும் போகுது எண்டு.

எனக்கு இது தூரத்துக் கதை இல்லை. நான் வெள்ளவத்தையில இருந்து வரி எழுதி, மெட்டுப்போட்டு, கொட்டாஞ்சேனையில ஒரு நண்பன்ட அறையில பதிவுசெய்யிறேன். காலி வீதியின் பஸ் இரைச்சலுக்குள்ள என்ர வீட்டில ஒண்டும் பதியேலாது. பாட்டு வெளியில வந்த உடன முதல் கேள்வி, "பீட் போட்டது ஆர்?" அவன்ட பெயரைச் சொன்னா, "அப்ப அவன்ட பாட்டுத்தானே" என்கிறாங்கள். அவன் பாடின பாட்டுக்கு நான் பீட் போட்ட நேரம் ஒருத்தரும் அப்படிக் கேட்கேல்லை.

ஆகவே இனி எங்கட ஒவ்வொரு பாட்டோடயும் ஒரு சின்னப் பட்டியல் போடப்போறம்: வரி, மெட்டு, தாளம், பதிவு, மிக்ஸ். ஒவ்வொண்டுக்கும் எதிரில செய்த ஆளின்ட பெயர். உங்கட பாட்டுகளுக்கும் அப்படிப் போடுங்கோ. புரொடியூசருக்குத் தமிழ்ச்சொல் பிறகு வரட்டும். வேலை செய்த ஆளின்ட பெயர் இப்பவே வரலாம்.