பேரு மட்டும் கேக்காதீங்க

குழந்தைகளுக்கான உதவி எண் 1098இல் வேலை என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் கொஞ்சம் வாடும். நாள் முழுக்க அழுகிற குழந்தைகளோடு பேசிக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "எப்படித்தான் தாங்குறீங்களோ" என்று அனுதாபம் வேறு. அவ்வளவு அனுதாபத்துக்கு நான் தகுதி உடையவள் அல்ல. காசில்லாத போனிலிருந்தும் இந்த எண்ணுக்குப் பேசலாம் என்பதால், லீவு நாளில் நாலு பையன்கள் கூடி எண்ணைப் போட்டு, "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைப்பார்கள். வேறு சிலர் ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது எப்படி என்று கேட்பார்கள். எதுவுமே பேசாத அழைப்புகளும் நிறைய. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "நான் இருக்கேன், மெதுவா பேசு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விளையாட்டுக்குப் போடுகிறவனையும் திட்டக் கூடாது. இன்றைக்கு எண் வேலை செய்கிறதா என்று பார்க்கிறவன் என்றாவது ஒருநாள் நிஜமாகவே போடுவான் என்று பயிற்சியில் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. சில பையன்கள் சும்மாதான் போடுகிறார்கள். ஆனாலும் திட்டியதில்லை.

என் காதுக்கு வந்தவரை, விஷயம் உள்ள அழைப்புகளில் பேசுகிறவர் பெரும்பாலும் குழந்தை அல்ல. பக்கத்து வீட்டம்மா, வகுப்பு டீச்சர், அங்கன்வாடிப் பணியாளர், பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவர், பெண்ணுக்குத் தாய்மாமன் முறை ஆகிறவர். நமக்கெதுக்கு வம்பு என்று பல நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் மனசு கேட்காமல் எண்ணை அழுத்தியவர்கள். குழந்தையிடம் பேசுவதுகூடப் பழகினால் வந்துவிடும். தயங்கித் தயங்கி வருகிற இந்தப் பெரியவரைப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவைப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் 1986இல் எஸ்தர் ரான்ட்சன் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் தொடங்கிய சைல்ட்லைன், குழந்தை ரகசியமாக மனம்விட்டுப் பேசுவதற்கானது. நம் ஊர் 1098 வேறு மாதிரிப் பிறந்தது. மும்பையில் டாடா சமூக அறிவியல் கல்வி நிறுவனத்தில் இருந்த ஜெரூ பில்லிமோரியாவுக்குத் தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் ராத்திரி நேரத்தில் வீட்டுக்கே போன் செய்வார்களாம். ஒருவனுக்கு அடி, இன்னொருவனுக்குக் காய்ச்சல், போலீஸ் பிடித்துப் போய்விட்டது என்று. 1996இல் அதற்கென்றே ஓர் எண் வந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் இருப்பதால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் மறக்காது. போனில் ஆறுதல் சொன்னால் மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குப் போதாது, ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. அழைப்பு வந்து அறுபது நிமிடத்துக்குள் குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற விதி அப்படி வந்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்த இந்தச் சேவை 2023இல் மாநில அரசுகள் கைக்கு வந்தது; அவசர உதவி எண் 112உடனும் இணைத்தார்கள். மாவட்டத்தில் ஓடுவதற்கு ஆள் உண்டு. நாங்கள் காது மட்டும்தான். ஆனால் காது தப்பாகக் கேட்டால் கால் தப்பான தெருவுக்குப் போகும்.

நான் சேலம் மாவட்டத்து எடப்பாடிக்காரி. சென்னையில் நாங்கள் அழைப்புகளை எடுக்கிற அறையில் என் பக்கத்து இருக்கை, தூத்துக்குடிப் பெண். ஒருமுறை, "லைன் சரியில்லப்பா, ஒரே இரைச்சல்" என்று ஓர் அழைப்பை என்னிடம் தள்ளினாள். வாங்கிக் கேட்டால் லைனில் ஒரு குறையும் இல்லை. பின்னால் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபடுகிற சத்தம். எடப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் பல வீடுகளில் சமையலறைக்குச் சுவர் அடுத்தே பட்டறைதான். தறி ஓடும்போது காதோரம் வந்து கத்தினால்தான் கேட்கும். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் துக்க வீட்டில்கூடக் கத்தித்தான் பேசுவார்கள்.

பேசியது பதினாறு வயதுப் பெண். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். குழந்தை யாரென்று தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம்.) தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பேசினாள். பட்டறையில் இருந்துகொண்டா பேசுகிறாள் என்று என் தோழிக்கு ஆச்சரியம். அங்கேதான் பேச முடியும். நாலு தறி ஓடுகிற இடத்தில் என்ன பேசினாலும் அடுத்த ஆளுக்குக் கேட்காது. நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள். கரண்ட் போய்விட்டது. தறிகள் அடங்கியதும் ஒரு ஆள் இருமுவதும், "ஸ்விட்ச அமத்திட்டு வா" என்பதும் எனக்கே தெளிவாகக் கேட்டன. "சரி புள்ள, நோட்ட நாளைக்குத் தாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு நொடியில் என்னை வகுப்புத் தோழி ஆக்கிவிட்டாள். நாம் திருப்பி அழைக்கக் கூடாது, போன் அவளுடையதாக இருக்காது. கரண்ட் வந்தால் அவளே போடுவாள் என்று குறிப்பு எழுதிவைத்தேன். போட்டாள். எடுத்தது வேறொருத்தி, குறிப்பைப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அவளுக்கு வீட்டில் கல்யாணம் பேசியிருந்தார்கள். அவள் சொன்னதில் ஒரு வரி: "மாப்ள வீட்ல எல்லாச் செலவும் அவங்களே பாத்துக்கறாங்களாம், நகையும் கேக்கலியாம்." கேட்க நல்ல சம்பந்தம் மாதிரித்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு உண்டு. பெண் சிசுக்கொலை பெரும் பேச்சாக இருந்த காலத்தில், 1992இல், தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள், மாநிலத்துக்கு 942. அன்றைக்கு ஆறு வயதுக்குள் இருந்த பையன்கள் இன்று மாப்பிள்ளை வயதில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வரவேண்டிய பெண்கள் பிறக்கவில்லை, அல்லது பிறந்தும் இருக்கவிடவில்லை. கொங்குப் பக்கம் பெண் தேடிப் பாலக்காடு வரை போய்வருகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்த கதை. பாலக்காடு போக வசதியில்லாதவர் பக்கத்துத் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணைப் பார்க்கிறார். அந்தப் பெண்ணின் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவராகவும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்பவராகவும் இருந்துவிட்டால், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிற பேச்சு அவருக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தைத் திருமணத்தை அறியாமை என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

குழந்தைத் திருமணம் பற்றிய அழைப்புகளுக்குப் பருவம் உண்டு. ஆடியில் ஓய்வு. ஆவணி பிறக்கப்போகிறது என்றால் போன் அடிக்கத் தொடங்கும். தை, பங்குனி, வைகாசியும் அப்படித்தான். கூப்பிடுகிறவர் எடுத்ததும் "ஒரு புள்ளைக்கு அநியாயம் நடக்குதுங்க மேடம்" என்பார். அநியாயம் என்று எழுதி மாவட்டத்துக்கு அனுப்ப முடியாது. எந்த ஊர், எந்தத் தெரு, என்றைக்கு, பொண்ணு எந்தப் பள்ளியில் என்ன வகுப்பு? இதையெல்லாம் கேட்டால், தன் பேச்சில் சந்தேகப்படுகிறோம் என்று சிலருக்குக் கோபம் வரும். பத்திரிகை கையில் இருக்கிறதா என்று கேட்பேன். இருக்கும். சுபமுகூர்த்தத்திலிருந்து 'தங்கள் நல்வரவை நாடும்' வரை சத்தமாகப் படிப்பார்கள். மண்டபம், தேதி, நேரம், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பேர் எல்லாம் அதில் உண்டு, வயது தவிர. வயதைப் பள்ளிச் சான்றிதழில்தான் பிடிக்க வேண்டும். வகுப்பு எது என்று நச்சரிப்பது அதற்காக.

தகவல் கைமாறியதும் மாவட்டச் சமூகநல அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மகளிர் காவல் நிலையம் என்று ஆட்கள் கிளம்புவார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. நடத்திவைப்பவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மாஜிஸ்திரேட்டிடம் தடையாணையும் வாங்கலாம். அதை மீறி நடக்கிற கல்யாணம் செல்லாது. காகிதத்தில் எல்லாம் கச்சிதம். ஆனால் விஷயம் கசிந்தால் காலை ஆறு மணி முகூர்த்தம் நள்ளிரவுக்கு முந்திவிடும். இன்னொன்று, பூலாம்பட்டியில் படகேறினால் அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். இந்தப் பக்கம் சங்ககிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நாமக்கல். சேலத்து அதிகாரி வந்து எழுதி வாங்கிக்கொண்டு போன மறுநாள் அக்கரைக் கோயிலில் தாலி ஏறிவிடலாம். "ஆத்தத் தாண்டுவாங்களா?" என்று நான் கேட்டால் கூப்பிட்டவர் ஒரு கணம் அசந்து, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்பார். அதற்குப் பதில் சொல்வதில்லை.

கல்யாணத்தை நிறுத்திவிட்டால் முடிந்தது என்று நினைத்த காலம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் உண்டு. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போகிறது. சமைத்த சோறு வீணாகிறது. வீட்டில் அந்தப் பெண்ணை ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜராகி, பதினெட்டு வரை செய்யமாட்டோம் என்று அப்பா எழுதிக் கொடுப்பார். அந்த உறுதிமொழியைக் காப்பாற்ற அவருக்கு என்ன இருக்கிறது என்று யாராவது யோசிக்க வேண்டும். 2022இல் திருமண நிதியுதவித் திட்டத்தை மாற்றிப் புதுமைப்பெண் என்று கல்லூரிப் படிப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் அவள் கணக்கில் விழும். போனில் ஓர் அப்பாவை யோசிக்கவைக்க, இரண்டு ஆண்டு சிறை என்பதைவிட இந்த ஆயிரம் ரூபாய் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

போக்சோ சட்டம் 2012இல் வந்த பிறகு இன்னொரு வகைத் தயக்கம் சேர்ந்திருக்கிறது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தில் சொல்கிறவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஜனங்களுக்கு முதலாவது தெரிந்த அளவு இரண்டாவது தெரியாது. பதினேழு வயதுக் கர்ப்பிணியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் தகவல் போலீசுக்குப் போகும் என்று அஞ்சி, பிரசவத்தை எங்கோ மறைவாகப் பார்க்கிற குடும்பங்கள் உண்டு. சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பெண் மருத்துவரைப் பார்க்காமல் போகிறாளே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றுதான் சொல்கிறேன்.

ஊருக்குப் போனால் நிலைமை வேறு. நான் என்ன வேலையில் இருக்கிறேன் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். போன மாசிக்குப் பிறகு ஒரு விசேஷ வீட்டில், பந்தி முடிந்து கைகழுவுகிற இடத்தில், தூரத்துச் சின்னம்மா ஒருவர் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவர் தெருவில் ஒரு பையன், பத்து வயதுகூட இருக்காதாம், பள்ளிக்கூடம் போகாமல் காலையிலிருந்து ராத்திரி வரை பட்டறையில் நிற்கிறானாம், முதலாளி அடிக்கிறாராம். "உனக்குத் தெரிஞ்ச ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி உட்டுரு கண்ணு."

"நீங்களே பேசுங்க சின்னம்மா. பத்து ஒம்பது எட்டு."

"நீ இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறப்ப நான் எதுக்கு போனு போடோணும்?"

நான் சொன்னால் அது கேட்டதைச் சொல்வது. பையனைப் பார்த்தவர் அவர். எந்த வீடு, எத்தனை மணிக்கு, அடித்த தழும்பு எங்கே என்று எதிர்ப்பக்கம் கேட்கிற கேள்விக்கு என்னால் என்ன பதில் சொல்ல முடியும்? விளக்கிச் சொன்னேன். முனகிக்கொண்டே போனை என்னிடம் நீட்டினார். எண்ணை அழுத்திக் கொடுத்தேன். பந்தியில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில், "இந்தாம்மா, என்ற பேரு மட்டும் கேக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். எதிர்ப்பக்கத்துப் பெண் கேட்கவும் இல்லை. மூன்று நிமிடத்துக்குள் சின்னம்மா தன் பேரையும், சித்தப்பா பேரையும், வெள்ளாண்டிவலசில் எத்தனையாவது சந்து என்பதையும், வீட்டுக்கு வந்தால் காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் சொல்லி முடித்திருந்தார்.