என் இறுதிப் பயணத்திற்கு ஓர் இசை

மணவிழாவிற்கு நாகசுரக் குழுவினரைப் பல திங்கள்களுக்கு முன்னரே அமர்த்திக்கொள்கின்றோம். உயிர் நீங்கும் நாளுக்குரிய இசையை எவரும் முன்கூட்டித் தேர்வதில்லை. அதனைப் பேசுவதே தகாது என்பர் பெரியோர். யானோ, பணி ஓய்வு பெற்ற ஆண்டில், ஒரு குறிப்பேட்டில் அப்பட்டியலை எழுதி வைத்தேன். முதலில் நாகசுரத்தில் முகாரி, அடுத்து ஒரு புல்லாங்குழல் இசை, முடிவில் யான் விரும்பிய பழைய திரைப்பாடல் ஒன்று.

சாவும் இசையும் தமிழர் வாழ்வில் பிரியாதவை. ஒரு வீட்டில் சாப்பறையாகிய நெய்தலும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் காட்சியைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றின் 194ஆம் பாடலில் வைத்துள்ளார். தலைவனை இழந்தோர் வருந்திப் பாடுதலைக் கையறுநிலை என்று துறையாகவே வகுத்தனர் முன்னோர். ஏட்டிலே கையறுநிலை, வீட்டு முற்றத்திலே ஒப்பாரி.

பறையை என் பட்டியலில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. பிறப்பைக் காட்டிச் சிலரைச் சாவுக்குப் பறையடிக்க வைத்த கொடுமை அதனோடு பிணைந்திருந்தது. அவர்தம் வழிவந்தோர் இன்று அதனைத் தன்மானத்தின் கலையாக மேடையேற்றி வருகின்றனர். அதனை மீண்டும் என் வீட்டு வாயிலுக்கு அழைக்க எனக்கு என்ன உரிமை உண்டு?

மேலைநாட்டில் தம் இறுதிச்சடங்கின் இசையைத் தாமே தேர்ந்தோர் பலர். இசைமேதை சோப்பின் 1849 அக்டோபர் 17இல் பாரிசு நகரில் மறைந்தார். மோட்சார்ட்டின் இரங்கல் இசையைத் தமக்காகப் பாடவேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்குப் பெண் குரல்களும் வேண்டும். அத்தேவாலயத்திலோ பெண்கள் பாடும் வழக்கம் இல்லை. அக்டோபர் 30இல் சடங்கு நிகழ்ந்தபோது, பெண்கள் கருந்திரைக்குப் பின்னே நின்று பாடினர் என்பர்.

அச்செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. என் அன்னையார் மறைந்த நாள் கண்முன் வந்து நின்றது. பந்தலில் ஒலிபெருக்கி கட்டி, தத்துவப் பாடல்களை ஒலிக்கச் செய்திருந்தோம். அன்னையாரின் தங்கை, என் சின்னம்மா, பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்து, தலைமாட்டில் அமர்ந்து ஒப்பாரி தொடங்கினார். தம் தமக்கை களையெடுத்ததையும், பசித்திருந்து பிள்ளைகளைப் படிக்க வைத்ததையும் அவர் சொல்லிச் சொல்லிப் பாடினார். வாயசைவு தெரிந்தது, சொல் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ‘ஒலிபெருக்கியை நிறுத்துங்கள்’ என்று ஒரு சொல் சொல்ல எனக்கு நா எழவில்லை. வந்தோர்க்கு ஏற்பாடு குறைவாகத் தோன்றுமே என்று அஞ்சினேன். அன்று பாடப்பெறாது போன அவ்வரிகளைச் சின்னம்மாவும் தம்முடன் கொண்டு சென்றுவிட்டார்.

பின்னர் ஒருநாள், என்னுடன் பணியாற்றிய இசுலாமிய நண்பர் ஒருவரின் ஜனாஸாவில் கலந்துகொண்டேன். அங்கு இசை இல்லை. சந்தூக்கைத் தோள்மாற்றிச் சுமந்தோரின் காலடியோசையும், மெல்லிய குரலில் கலிமாவும் கேட்டன. கபரில் மண் விழும் ஓசையையும் கேட்டேன். அருகே நின்ற அவர்தம் இளைய மகன் ‘வாப்பா’ என்று தாழ்ந்த குரலில் சொன்னது ஒருவருக்கும் கேளாமல் போகவில்லை.

வீடு திரும்பியதும் குறிப்பேட்டை எடுத்துப் பட்டியலை அடித்துவிட்டேன். அது கேட்கப்போகாத என் செவிக்காக யான் எழுதியது. முற்றத்தில் இருக்கப்போவோரை யான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அதன் கீழே என் மக்களுக்கு இவ்வாறு எழுதியுள்ளேன்: “ஒலிபெருக்கி வேண்டா. உங்கள் அத்தைக்கு ஒப்பாரி இன்னும் நினைவிருக்கிறது. அவள் பாட விரும்பினால் பாடட்டும். என்னைப் பற்றி அவள் குறை சொல்லிப் பாடினாலும் தடுக்காதீர். ஒருவரும் பாடவில்லையெனில் அமைதியே போதும்.”