ஞாயிறு ராத்திரி ஒன்பதரை

சித்தையன்கோட்டைக்காரர்கள் அஞ்சு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம்னு சொன்னால் ஹாஸ்டலில் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்ல வருமே, அதுவா?" என்பார்கள். அதேதான். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்தது. ஒருத்தர் கதை சொல்லணும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போறோம்னு வாயால் சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டணும். அடிப்படை விதிகள் நெட்டில் ஃப்ரீ. ப்ளஸ் டூ லீவில் எங்க வீட்டு மாடியில் ஆரம்பித்தோம். கதை சொல்வது நான்.

அப்போ எல்லாருக்கும் டைம் இருந்தது. இப்போ ஒருத்தன் துபாய் ஆபீஸில். ஒருத்தனுக்குப் பெங்களூருவில் ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். இன்னொருத்தன் அப்பாவோட மல்லிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கிறான். விடியுமுன் பூப்பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகணும், அதனால் பதினொரு மணிக்கு மேல் அவன் குறட்டைதான் கேட்கும். அஞ்சாவது ஆள் என் பெரியம்மா மகள். திண்டுக்கல்லில் பி.எட். படிக்கிறாள்.

இவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போல் போட்டால் அஞ்சு பேரும் அஞ்சு நாளை அமுக்குவார்கள். "மாப்ள, அடுத்த வாரம் கண்டிப்பா" என்றே மூணு மாசம் ஓடிப்போச்சு. ஆடாமலேயே செத்துப்போகிற குரூப்புகள்தான் ஜாஸ்தினு எனக்குத் தோணுது. சண்டை போட்டுப் பிரிந்தால்கூடப் பரவாயில்லை, இது யாரும் கவனிக்காமலே நடக்கும்.

அப்போதான் பென் ராபின்ஸ் என்பவர் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' பற்றிப் படித்தேன். பத்துப் பேருக்கு மேல் ஆட்கள், நிரந்தர டீம் கிடையாது. யார், எப்போ, எங்கே போகணும்னு ஆடுறவர்களே பேசி முடிவு பண்ணணும். பத்திரமான ஊர் ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் காடு. போனவர்கள் ஆட்டம் முடிவதற்குள் ஊர் திரும்பிடணும். இதில் இருக்கிற புத்திசாலித்தனம் ரொம்ப சிம்பிள்: வராதவன் ஊரில் இருக்கிறான், அவ்வளவுதான். குகைக்குள்ள பாதியில் நிற்க வேண்டியதில்லை.

நாள் குறிக்கும் வேலையை மட்டும் நான் எங்க ஆட்களை நம்பி விடவில்லை. ஞாயிறு ராத்திரி ஒன்பதரை, டிஸ்கார்டில். துபாயில் அப்போ எட்டு மணி. 2022-இல் அமீரக அரசு வார லீவைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது எங்களுக்காகவே செய்த மாதிரி இருந்தது. கதை சொல்ல நான், ஆட ரெண்டு பேர், அது போதும். ஒன்றரை மணி நேரம்தான். ரம்ஜான் மாசம் தராவீஹ் தொழுகை முடிந்து வருகிறவன் பத்தரைக்குச் சேர்ந்தால், காட்டுப் பாதையில் எதிரே வருவான்.

ஜூலையில் நான் சென்னையில் வேலைக்குச் சேரணும். அதற்கு முன்னாடியே, தை மாசம், அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டி "நான் அம்பு விடுறேன்"னு சொல்ல முடியுமா? நான் கேட்கவில்லை, அவளே ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் சொன்னாள்: "தம்பி, என் ஆளைச் சாகடிச்சிராத. ஊருக்குள்ள ஒரு கடை வச்சுக் குடு. எப்பயாச்சும் வருவேன்."

இப்போ அந்த ஊர்க் கோட்டைவாசலில் அம்பு விற்கிற கடை ஒன்று இருக்கிறது. துபாய்க்காரன் போன வாரமே அங்கே கடன் சொல்லிவிட்டான்.