பாக்கி வைத்தவரின் பெட்டி

பணம் வராத கோபத்தில் இருக்கும்போது, பாக்கிக்காரரின் பொருள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. டேட்டா சென்டர் தொழிலில் அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. வாடிக்கையாளர் தன் சர்வரைக் கொண்டுவந்து நம் ரேக்கில் பூட்டுகிறார். கரண்ட், ஏசி, இணைப்பு, காவல் எல்லாம் நம் பொறுப்பு. மாத வாடகை அவர் பொறுப்பு. ஒரு நாள் வாடகை நிற்கும். அப்புறம் போன் நிற்கும். சர்வர் மட்டும் நிற்காது.

அப்படி ஒரு பெட்டி மாதக்கணக்கில் கிடந்தபோது என்னிடம் வேலை பார்த்த பையன், "சார், இதுல இருக்கிற மெமரியக் கழட்டி நம்ம மெஷின்ல போட்டுக்கலாம், பத்து நிமிஷ வேலை" என்றான். கணக்குப் பிரிவு, காயலான் கடைக்கே போடச் சொன்னது. ஆனால் அடகுக் கடைக்காரருக்கு இருக்கும் உரிமை நமக்கு இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆவது பிரிவு, அடகு பிடித்தவர் அறிவிப்புக் கொடுத்து விற்க வழிசெய்கிறது. 170-ஆவது பிரிவோ, பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலவிட்டவர் கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. இடமும் கரண்டும் கொடுத்தவருக்கு அதுகூடப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள்.

சட்டத்தை விடுங்கள். பெட்டிதான் கடன்காரருடையது, உள்ளே கிடப்பது பெரும்பாலும் அவருடையதே இல்லை. ஏதோ ஒரு கிளினிக்கின் ஸ்கேன் படங்கள், ஒரு கடையின் கணக்கு, யாரோ நம்பிக் கொடுத்த ஆதார் நகல். இவர்கள் யாரும் நமக்குப் பத்துப் பைசா பாக்கி வைத்ததில்லை.

2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை முடக்கியபோது இதே சிக்கல் உலகமே பார்க்க நடந்தது. அதன் பணமும் முடங்கியதால் சர்வர் வாடகை நின்றது. அங்கே இரும்புகூடப் பெரும்பாலும் ஹோஸ்டிங் கம்பெனிகளுடையதுதான். அப்போதும் சிக்கல் தீரவில்லை. வர்ஜீனியாவின் கார்பதியா ஹோஸ்டிங், சுமார் 25 பெட்டாபைட் தகவல் கொண்ட 1,103 சர்வர்களை, நாளொன்றுக்கு 9,000 டாலர் செலவாகிறது என்று நீதிமன்றத்தில் முறையிட்டுக்கொண்டே அழிக்காமல் வைத்திருந்தது. ஒஹாயோவில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துவந்த ஒருவர், அதில் சிக்கிய தன் காட்சிகளுக்காக வழக்காடினார். நெதர்லாந்தின் லீஸ்வெப் ஓராண்டு பொறுத்தது. 2013-இல் 630 சர்வர்களைத் துடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. முன்கூட்டியே சொன்னோம், பதில் வரவில்லை என்றது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறிவிப்புப் போனது மெகாஅப்லோடுக்கு. கோப்புகளை இழந்தவர்கள் வேறு ஆட்கள்.

நாங்கள் முதலில் இணைப்பைத்தான் நிறுத்துவோம், கரண்டில் கை வைக்கமாட்டோம். இணைப்பு போனதும், அதுவரை ஊரிலேயே இல்லாத பலர் அன்றே போனை எடுப்பார்கள்! எடுக்காதவர்களுக்குத் தெரிந்த முகவரிக்கெல்லாம் கெடு குறித்துத் தபாலில் கடிதம். பிறகு முறையாக அணைத்து, சீரியல் எண் குறித்து, படம் எடுத்து, இரண்டு பேர் கையெழுத்தோடு ஸ்டோரில் பூட்டுவோம். டிஸ்கைத் திறந்து பார்ப்பது கிடையாது. யாருடையது என்று கண்டுபிடிக்கும் நல்லெண்ணத்தில்கூடக் கிடையாது. கெடு முடிந்தபின் டிஸ்கை அழித்துவிட்டு, மிச்சத்தைப் பதிவுபெற்ற மின்கழிவுக்காரரிடம் கொடுப்போம். வரும் காசு பாக்கியின் ஒரு மூலைக்குக் காணாது.

இத்தனைக்கும் அனுமதி அக்ரிமென்டிலேயே இருக்க வேண்டும். விற்பனைப் பிரிவுக்கு அது பிடிக்காது. "கையெழுத்துப் போடற அன்னிக்கே பிரியறதப் பத்திப் பேசணுமா சார்?" என்பார்கள். வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லாரி சர்வீஸ் நடத்திய ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். "நான் ஓடிப்போனா என்ன பண்ணுவீங்கன்னு வெவரமா எழுதியிருக்கீங்க. நீங்க கடையை மூடினா, என் பெட்டிய எடுத்துட்டுப் போக எத்தனை நாள் தருவீங்க?"

நியாயமான கேள்வி. 90 நாள் என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.