அம்மாவின் குரலுக்குச் சிவப்புக் குறி

பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவன் நான். சென்ற கோடை விடுமுறையில், பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்தில் எட்டு வாரங்கள் பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கைபேசியின் வழியே மொழிகளைக் கற்பிக்கும் நிறுவனம் அது. வங்கிப் பணிக்காகவும் மருத்துவப் பணிக்காகவும் தமிழகம் வரும் பிற மாநிலத்தவர்க்குப் பேச்சுத் தமிழ் கற்பிக்கும் பாடங்களை அப்போது அங்கே ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் வாரம் வியப்பிலேயே கழிந்தது. ஒருவர் கற்ற சொல்லை, அவர் அதை மறக்கும் தறுவாயில் கணினி மீண்டும் கேட்கிறது. விடை சரியானால் அடுத்த முறை கேட்பதற்கான இடைவெளியை நீட்டுகிறது, தவறினால் குறைக்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை காலத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியின் வழிவந்த முறை இது என்று அறிந்தபோது, கணினியின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

இரண்டாம் வாரம் எனக்கென ஒரு வேலை தரப்பட்டது. பல ஊர்களைச் சேர்ந்தவர்கள் தம் வீட்டில் பேசுகிறபடியே சிறு வாக்கியங்களைப் பேசி அனுப்பியிருந்தார்கள். கணினி அக்குரல்களை எழுத்தாக்கி, தான் எதிர்பார்க்கும் வாக்கியத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடும். மதிப்பெண் குறைந்தால் சிவப்புக் குறி தோன்றும். அத்தகைய குரலை நான் கேட்டுப் பார்த்து, குறை உண்மையானால் நீக்க வேண்டும். குரல்களுக்கு எண்கள் மட்டுமே உண்டு; பெயர்கள் இல்லை.

முதல் சில நாட்கள் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டேன். பிறகு கண் சிவப்பைக் கண்டதும் விரல் தானாகவே நீக்கும் விசையை அழுத்தத் தொடங்கியது. வேலை விரைந்து முடிந்தது, பாராட்டும் கிடைத்தது.

நான்காம் வாரத்தில் ஒருநாள் இரவு அம்மா தொலைபேசியில் அழைத்தாள். நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் வேண்டுகோளின்படி அவளும் சில வாக்கியங்களைப் பேசி அனுப்பியிருந்தாள்.

“ஏலே, நான் பேசி அனுப்புனது தேறிச்சா?” என்று கேட்டாள்.

“பாத்துச் சொல்லுதேம்மா” என்றேன்.

மறுநாள் அவளுக்குரிய எண்ணைத் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நீக்கப்பட்டிருந்தன. நீக்கியவன் நானே. நீக்கியவற்றுள் ஒன்றைத் திறந்து, முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். “அவிய வாறாவ” என்றது அம்மாவின் குரல். “அவர் வர்றார்” என்று எதிர்பார்த்த கணினி அதனைப் பிழையென்று கருதியிருந்தது.

சிறு வயதில் மாலைதோறும் நான் கேட்ட சொற்கள் அவை. தெருமுனையில் அப்பாவின் மிதிவண்டி மணி ஒலித்ததும் அம்மா அப்படித்தான் சொல்வாள். நாங்கள் விளையாட்டை விட்டுப் புத்தகத்தோடு அமர்வோம். அந்தக் குரலைக் கேட்காமலே தள்ளிவிட்டேனே என்று உள்ளம் குறுகிப்போனேன். முந்தைய இரவு நானே அவளிடம் “சொல்லுதேன்” என்றுதானே பேசினேன்! அச்சொல்லையும் கணினி சிவப்பாகவே காட்டியிருக்கும்.

பொறுப்பாளரான அம்மையாரிடம் நடந்ததை மறைக்காமல் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “புதிதாகக் கற்பவருக்கு ஒரே சொல்லைப் பல வடிவங்களில் கொடுத்தால் குழப்பம் நேருமே, அதற்கு என்ன செய்வது?” என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும், இப்பாடத்தைக் கற்ற ஒருவர் எங்கள் ஊர் வங்கிக்கு மாற்றலாகி வந்தால், எதிரே நின்று பேசும் என் அம்மாவின் பேச்சு அவருக்கு எப்படி விளங்கும் என்று நான் கேட்டேன்.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவரின் நினைவும் எனக்கு எழுந்தது. ‘தேம்பாவணி’ பாடிய அப்பெரும்புலவர், செந்தமிழுக்கு இலக்கணம் வகுத்ததோடு அமையாமல், மக்கள் பேசும் தமிழுக்கெனத் தனி இலக்கணம் ஒன்றையும் 1728-இல் இலத்தீனில் எழுதினார். புதிதாக வரும் குருக்கள் மக்களோடு பேச வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

முடிவில், தொடக்கப் பாடங்கள் பொது வழக்கிலேயே இருக்கட்டும் என்றும், கேட்டுப் பழகும் பகுதியில் பல வட்டாரக் குரல்களைச் சேர்ப்பது என்றும் தீர்மானித்தார்கள். நான் நீக்கியவற்றை மீண்டும் கேட்கும் பணி எனக்கே வந்தது. எஞ்சிய வாரங்கள் அதிலேயே கழிந்தன. இரைச்சலால் உண்மையாகவே கெட்டிருந்தவை மிகச் சிலவே.

ஊருக்குத் திரும்பிய அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கேக்காமலே தள்ளிட்டியால?” என்று சிரித்தாள். அச்சிரிப்பில் வருத்தம் இல்லை, எனக்குத்தான் இருந்தது.

நம் வீடுகளிலும் முதியோர் வாய் திறந்ததுமே, “இது தெரிந்த கதைதான்” என்று மனத்துக்குள் சிவப்புக் குறி இட்டுவிடுகிறோம் அல்லவா? இப்போதெல்லாம் அம்மா பேசத் தொடங்கினால், முடிக்கும்வரை கைபேசியைத் தொடுவதில்லை என்று பழகி வருகிறேன்.