ஒரே ஒரு புள்ளி... ஹாமில்டன் முதல்முறை சாம்பியனான அந்தக் கடைசி வளைவு!

2008 நவம்பர் 2. பிரேசிலின் சாவ் பாலோ நகரில் உள்ள இன்டர்லாகோஸ் சர்க்யூட். ஃபார்முலா 1 சீஸனின் கடைசி ரேஸ். 23 வயது லூயிஸ் ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தாலே உலக சாம்பியன்.

கேட்பதற்கு எளிதுதான். ஆனால் முந்தைய வருடம் அவர் கோட்டைவிட்டதும் இதே இடத்தில்தான். 2007-ல் இரண்டு ரேஸ்கள் மீதமிருந்தபோது கிமி ரைக்கோனனைவிட 17 புள்ளிகள் முன்னிலை. சீனாவில் கார் ஜல்லியில் சிக்கியது. பிரேசிலில் கியர்பாக்ஸ் மக்கர் செய்தது. முடிவில் கிமி ரைக்கோனன் 110, ஹாமில்டன் 109. ஒரே ஒரு புள்ளி!

அந்தத் தோல்வி அவருக்கு மட்டுமானதல்ல. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் வளர்ந்த லூயிஸுக்கு, சிறுவயதில் கோ-கார்ட் வாங்கிக் கொடுத்தவர் அப்பா ஆண்டனி. 'படிப்பில் கவனம் சிதறக் கூடாது' என்பது அவர் போட்ட கண்டிஷன். மகனின் ரேஸ் செலவுக்காக ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்த மனிதர். இன்டர்லாகோஸில் அவரும் நகம் கடிக்கும் நிலையில்தான் இருந்தார்.

கடைசி சில சுற்றுகளில் மழை. முன்னணியில் இருந்தவர்கள் மழை டயருக்கு மாற, டிமோ கிளாக் மாற்றாமல் ஓட்டினார். இரண்டு சுற்றுகளே மிச்சமிருக்க, செபாஸ்டியன் வெட்டல் ஹாமில்டனை முந்தினார். ஆறாவது இடம்!

ரேஸில் வென்றவர் ஃபெலிப்பே மாஸா. அதே ஊர்க்காரர். அவர் கோட்டைக் கடந்ததும், 'நம்ம பையன்தான் சாம்பியன்' என்று ஃபெராரி கராஜில் அவரது குடும்பம் துள்ளிக் குதித்தது. சில விநாடிகள்தான். ஈரத்தில் வழுக்கிய டயரோடு திணறிய கிளாக்கை, கடைசி வளைவில் ஹாமில்டன் முந்திவிட்டார். ஐந்தாவது இடம்.

ஹாமில்டன் 98. மாஸா 97. மறுபடியும் அதே ஒரு புள்ளி. போன வருடம் பறித்துக்கொண்டது, இந்த முறை திருப்பிக் கொடுத்தது. ஃபார்முலா 1-ன் முதல் கறுப்பின சாம்பியன் பிறந்தார்.

மாஸா கண்ணீரோடு மேடையேறினார். நெஞ்சைத் தட்டிக்காட்டி, சொந்த ஊர் மக்களுக்கு நன்றி சொன்னார். யார் மீதும் பழி போடவில்லை.

ஹாமில்டன் பிறகு மேலும் ஆறு பட்டங்கள் வென்று, மைக்கேல் ஷூமாக்கரின் சாதனையைச் சமன் செய்தார். ஆனால், அந்த ஏழில் முதலாவது மட்டும் ஒரு வளைவு தூரத்தில் கிடைத்தது. 109-ல் நின்றுபோன பையன் அடுத்த வருடமும் வந்து நின்றதால்தான், அந்த வளைவு அவனுக்காகக் காத்திருந்தது.