பொட்டு ஒட்டும் வரைபடம்

முதியோருக்கு ஒரு செயலி என்றதும் எழுத்தைப் பெரிதாக்கு, பொத்தானைப் பெரிதாக்கு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. கண்ணுக்கு அது போதும். மனசுக்கு?

அப்படி ஒரு செயலிக்காகப் போன மாதம் படிவத்தோடு உட்கார்ந்து ஓர் அம்மாவிடம் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்குப்பா". படிவத்தை மடித்துப் பையில் வைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்: அமெரிக்காவிலிருந்து மகன் கூப்பிடும் நேரத்துக்குள் தூக்கம் வந்துவிடுகிறதாம். அதை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை.

ஆய்வாளர்கள் பில் கேவர், டோனி டன், எலெனா பசென்டி மூவரும் 1999இல் எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்தேன். ஆஸ்லோவின் மயோர்ஸ்டுவா, ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர், பீசாவுக்கு அருகே பெச்சோலி என்ற சிற்றூர். மூன்று இடத்துப் பெரியவர்களும் தங்கள் ஊரோடு இன்னும் கலந்து வாழ என்ன செய்யலாம் என்ற தேடல்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அதில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கேமரா. புது உறை போட்டு, பின்பக்கம் ஒரு பட்டியல். உங்கள் வீடு. இன்று உடுத்தப்போவது. இன்று முதலில் பார்க்கும் ஆள். சலிப்பூட்டும் ஏதாவது ஒன்று. தபால் அட்டையில் கேள்விகள்: உங்களுக்குப் பிடித்த கருவி எது, வாழ்க்கையில் கலைக்கு என்ன இடம். தபால் அட்டையைக் கையில் எடுத்தால் யாருக்கும் பரீட்சை பயம் வராது.

என்னை நிறுத்தியது வரைபடம்தான். மனிதர்களைப் பார்க்க எங்கே போவீர்கள், தனியாக இருக்க எங்கே, பகற்கனவு காண எங்கே, போக ஆசைப்பட்டும் போக முடியாத இடம் எது? பொட்டு ஒட்டிக் காட்டினால் போதும். வாய்விட்டுச் சொல்லக் கூசுவதைக் கூட விரல் ஒட்டிவிடும்.

ஆஸ்லோவுக்குப் பிறந்த யோசனை: பெரியவர்கள் நூலகத்திலிருந்து ஊரைக் கேள்வி கேட்பது, டிராமிலும் காபிக் கடையிலும் ஊர் பதில் சொல்வது. உதவி வாங்கும் இடத்திலிருந்து அவர்களைக் கேள்வி கேட்கும் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்று, 2003. சுவீடன், பிரான்ஸ், அமெரிக்கக் குடும்பங்களோடு சேர்ந்து செய்த சோதனை. உறவினர் வீடுகளுக்கிடையே படம் பரிமாறும் ஒரு கருவி. வந்த படம் நாளாக ஆக மங்கி மறைந்துவிடும், புதிது எடுத்து அனுப்பத் தோன்றட்டும் என்று. அந்த அம்மா தூங்கிய பிறகு வந்த படம் காலையில் அவருக்காகக் காத்திருக்குமே!

கேவர் குழு, பொட்டலங்களில் திரும்பி வந்தவற்றை அலசி முடிவு காண்பதை விடக் கற்பனைக்குத் தூண்டுதலாகவே வைத்துக்கொண்டது. பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். போக முடியாத இடத்தில் பொட்டு ஒட்டியவரிடம் யாராவது திரும்பிப் போய், ஏன் என்று கேட்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன். அவர் தெருவைப் பெரிய தாளில் வரைந்தாகிவிட்டது. பொட்டு, சிவப்பும் பச்சையும்.